செசானின் ஆப்பிள் கூடை: நல்ல பிரதியும் நல்ல பிரேமும் வாங்குவது எப்படி?

கேள்வி இதுதான்: புது வீட்டு ஹாலில் சோபாவுக்கு மேலே பிரெஞ்சு ஓவியர் பால் செசானின் 'ஆப்பிள் கூடை' ஓவியத்தின் நல்ல பிரதி ஒன்றைப் பிரேம் போட்டு மாட்ட ஆசை. இணையத்தில் தேடினால் அதே படம் ஆயிரம் ரூபாய்க்கும் இருக்கிறது, முப்பதாயிரத்துக்கும் இருக்கிறது. எல்லாவற்றிலும் 'மியூசியம் குவாலிட்டி' என்று போட்டிருக்கிறது. காகிதமா, கேன்வாஸா, கையால் வரைந்த நகலா? வீடு சென்னையில், கடற்கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்.

நான் பிரேம் போடும் தொழிலில் இருப்பவன். அப்பா காலத்தில் சாமி படமும் கல்யாண போட்டோவும்தான். என் காலத்தில் இந்த மாதிரி ஓவிய அச்சுகளும் வருகின்றன. அதனால் இது கடைக்காரன் பார்வையில் ஒரு பதில். முதலில், 'மியூசியம் குவாலிட்டி' என்பதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. உயர்தர சைவ உணவகம் என்ற பலகையில் 'உயர்தர' என்று இருக்குமே, அப்படித்தான். அதை மறந்துவிடுங்கள். விற்பவரிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: எந்தக் கோப்பிலிருந்து அச்சடிக்கிறீர்கள்? படம் மட்டும், பிரேம் இல்லாமல், எத்தனை சென்டிமீட்டர்? இந்த இரண்டுக்கும் நேராகப் பதில் வராத இடத்தில் வாங்க வேண்டாம்.

ஏன் என்று சொல்ல, ஓவியத்தையே கொஞ்சம் பார்க்க வேண்டும். செசான் இதை வரைந்தது 1893 வாக்கில். இப்போது சிகாகோ கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவு 65 × 80 செ.மீ. சாய்ந்த கூடையிலிருந்து ஆப்பிள்கள் வெள்ளைத் துணிமேல் உருண்டு வந்திருக்கின்றன. நடுவே ஒரு கரும் பாட்டில், நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. வலப்பக்கம் ஒரு தட்டில் நீள பிஸ்கட்டுகள் அடுக்கியிருக்கின்றன. மேசையின் விளிம்பைக் கவனியுங்கள். துணிக்கு இடப்பக்கம் ஒரு உயரத்தில் போகும் கோடு, வலப்பக்கம் வேறு உயரத்தில் வெளிவருகிறது. பள்ளிக்கூட டிராயிங் வாத்தியார் பார்த்தால் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். செசானுக்கு அது தெரியாமல் நடந்ததில்லை. ஒரே மேசையைப் பல கோணங்களிலிருந்து பார்த்ததை ஒரே படத்தில் வைத்திருக்கிறார். பின்னால் வந்த ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் பிடித்துக்கொண்டு போனது இந்த இடத்தைத்தான். அவர் கையெழுத்துப் போட்ட படங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று. 1895-இல் பாரிஸில் வொலார் என்ற ஓவிய வணிகர் நடத்திய கண்காட்சியில் இதுவும் இருந்தது.

ஆக, இந்தப் படத்தில் 'தப்பு'தான் படம். நல்ல பிரதி அந்தத் தப்பை அப்படியே வைத்திருக்கும். மோசமான பிரதி ஏதோ ஒரு வழியில் அதைத் திருத்திவிடும்.

கையால் வரைந்த நகலில் சிக்கல் இங்கேதான். சீனாவில் ஷென்ஜென் நகரத்தை ஒட்டி டாஃபென் என்று ஒரு கிராமம் 1989-இலிருந்து எண்ணெய் வண்ண நகல்களுக்குப் பெயர் பெற்றது. அங்கேயும் சரி, நம்மூரிலும் சரி, கை தேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை படம் என்று வரையும் கை, பழக்கத்தில் பாட்டிலை நிமிர்த்திவிடும், மேசைக் கோட்டைச் சேர்த்துவிடும், ஆப்பிளைப் பளபளவென்று உருட்டிவிடும். எங்கள் கடைக்கு இந்த ஓவியத்தின் கை நகல் ஒன்று பிரேமுக்கு வந்தது. வண்ணத்தில் நிஜமான தடிமன், தொட்டால் தூரிகைத் தடம், எல்லாம் சரி. மேசை மட்டும் தச்சர் வந்து ரிப்பேர் பார்த்த மாதிரி ஒரே கோடாக இருந்தது. வான்கோவின் சூரியகாந்தி மாதிரியான படத்துக்குக் கை நகல் ஓரளவு தாங்கும். செசானுக்குத் தாங்காது. அச்சுக்கே போங்கள்.

அச்சு என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. ராஜா ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகுதான் அவர் லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீட்டுப் பூஜையறைக்கு வந்தார்கள். பிரதி ஓவியத்தை வீட்டில் மாட்டுவது நமக்கு மூன்று நான்கு தலைமுறைப் பழக்கம்.

சரி, கோப்பு விஷயத்துக்கு வருவோம். செசான் இறந்தது 1906-இல். காப்புரிமை எல்லாம் எப்போதோ முடிந்தது. சிகாகோ அருங்காட்சியகம் 2018-இலிருந்து இந்த மாதிரிக் காப்புரிமை முடிந்த படங்களைத் தன் இணையதளத்திலேயே இலவசமாக, எந்த நிபந்தனையும் இல்லாமல் தருகிறது. அதை இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அச்சடிக்காவிட்டாலும் கையில் இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இணையக் கடைகளில் பத்து இடத்தில் இந்தப் படத்தைத் திறந்தால் பத்து நிறத்தில் இருக்கும். ஒன்றில் துணி மஞ்சள், இன்னொன்றில் பின்னணி நீலமாகப் பொங்கி வழியும். எங்கேயோ கிடைத்த சின்னக் கோப்பைப் பெரிதாக்கி, நிறத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டு விற்கிறார்கள். அருங்காட்சியகக் கோப்பில் பின்னணி அடக்கமான சாம்பல் நீலம். ஆப்பிளின் சிவப்பும் மஞ்சளும் அதன்மேல்தான் எழும்.

பிக்சல் கணக்கு எளிது. 80 செ.மீ. என்பது முப்பத்தொன்றரை அங்குலம். அங்குலத்துக்கு 200 புள்ளி வேண்டுமென்றால் நீளவாட்டில் 6300 பிக்சல் வேண்டும். ஐந்தாறு அடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 150 புள்ளியே போதும், அதாவது சுமார் 4700 பிக்சல். கையில் இருக்கும் கோப்பு 3000 பிக்சல்தான் என்றால் 50 செ.மீ. அகலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மென்பொருள் வைத்துப் பெரிதாக்கித் தருகிறேன் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். அது தூரிகைத் தடத்தைப் பிளாஸ்டிக் மாதிரி வழித்துவிடும்.

வெட்டுதான் ஆன்லைனில் அதிகம் ஏமாறும் இடம். இந்த ஓவியத்தின் விகிதம் கிட்டத்தட்ட 4க்கு 5. கடைகள் வைத்திருக்கும் ரெடிமேட் அளவுகளில் 16 × 20, 24 × 30 அங்குலம் இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் அதிகம் விற்பது 24 × 36. அந்தச் சட்டத்துக்குள் இதை அடைக்க வேண்டுமென்றால் உயரத்தில் ஐந்து அங்குலத்துக்கு மேல் போய்விடும். பாட்டிலின் கழுத்தும் போகும், கீழே துணி மடிப்பும் போகும். யாரும் சொல்ல மாட்டார்கள். பட்டியலில் வெட்டிய படத்தையே காட்டுவதால் அசலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழியத் தெரியாது. அதனால்தான் படம் மட்டும் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்கச் சொன்னேன்.

என் யோசனை, அசல் அளவிலேயே அடியுங்கள். ஒரு ஆப்பிளை அவர் எந்த அளவில் வரைந்தாரோ அதே அளவில் உங்கள் சுவரில் இருக்கும். சிறிதாக்கினாலும் பரவாயில்லை, பெரிதாக்காதீர்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: பல அச்சுக் கடைகளில் இருப்பது 24 அங்குல மெஷின். 65 செ.மீ. உயரமும் ஓரத்தில் வெள்ளை இடமும் அதில் அடங்காது. "சார், 60 பண்ணிக்கலாமா, ஒண்ணும் தெரியாது" என்பார்கள். 44 அங்குல மெஷின் எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் போங்கள். படத்தைச் சுற்றி ஒரு அங்குலம் வெள்ளை விடச் சொல்லுங்கள். கைபடாமல் தூக்கவும் பின்னால் பிரேமில் தொங்கவிடவும் அது தேவை.

'ஜிக்ளே' என்று பெரிய பெயரில் சொல்வது இங்க்ஜெட் அச்சைத்தான். 1991-இல் ஜாக் டுகேன் என்ற அமெரிக்க அச்சுக் கலைஞர் இங்க்ஜெட் என்றால் ஆபீஸ் பிரிண்டர் ஞாபகம் வருமே என்று, பீய்ச்சுவது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இந்தப் பெயரை உண்டாக்கினார். அந்தக் காலத்துச் சாய மைகள் சில வருடத்திலேயே வெளுத்தன. இப்போது கேட்க வேண்டியது பிக்மென்ட் மை (சாயம் இல்லை, நுண்ணிய நிறத்துகள் கலந்த மை), பத்து பன்னிரண்டு நிற மெஷின், நூறு சதவீதப் பருத்திக் காகிதம், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) அக்கம்பக்கம், பளபளப்பில்லாத மேட் பரப்பு. இரண்டு சோதனைகளை நீங்களே செய்யலாம். வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று வாங்கி அச்சைப் பாருங்கள். சின்னச் சின்னப் பூ மாதிரி வட்ட வட்டமாகப் புள்ளிகள் ஒழுங்காக அடுக்கியிருந்தால் அது ஆப்செட் போஸ்டர். மாவு தூவியதுபோல ஒழுங்கில்லாமல் இருந்தால் இங்க்ஜெட். அடுத்தது, மளிகைக் கடையில் கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கு. காகிதத்தின் ஓரத்தை அதன் கீழ் காட்டினால், வெள்ளை வேட்டி டிஸ்கோ விளக்கில் மின்னுவதுபோல நீலமாக ஒளிர்ந்தால், வெண்மைக்காக ரசாயனம் சேர்த்த காகிதம். நாளாக ஆக அந்த வெண்மை போய் மஞ்சள் தட்டும். மங்கலாக, சோர்வாகத் தெரிந்தால் நல்ல காகிதம்.

முழுப் படத்தையும் சிறிதாக்கி மாதிரி காட்டினால் வாங்கிக்கொள்ளாதீர்கள். பாட்டிலும் துணியும் சேரும் இடத்தில் ஒரு எட்டுக்குப் பத்து அங்குலத் துண்டை அசல் அளவில் அடித்துத் தரச் சொல்லுங்கள். காசு கேட்பார்கள், கொடுங்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோபாவுக்கு மேலே டேப்பால் ஒட்டி, காலையில் ஒரு தடவை, இரவு உங்கள் ஹால் பல்பு வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். கடை டியூப்லைட்டில் சாம்பல் நீலமாகத் தெரிந்தது மஞ்சள் எல்இடியில் சேற்றுப் பச்சையாகலாம். பல சமயம் பல்பை மாற்றினாலே சரியாகிவிடும்.

கேன்வாஸ் பிரின்ட் பலருக்குப் பிடிக்கிறது. கண்ணாடி வேண்டாம், எடை குறைவு, 'பெயின்டிங் மாதிரியே' இருக்கும். எனக்கு அந்த 'மாதிரியே'தான் உறுத்தல். கேன்வாஸ் நெசவு மேடு பள்ளமாக இருக்கும், அதன்மேல் அச்சான தூரிகைத் தடமோ தட்டையாக இருக்கும். போதாக்குறைக்கு மேலே நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் இழுத்து 'டெக்ஸ்சர்' தருகிறார்கள். அந்த இழுப்புக்கும் செசானின் இழுப்புக்கும் சம்பந்தமே இருக்காது. ஆப்பிளின் வளைவுக்குக் குறுக்கே ஜெல் போயிருப்பதைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். அப்படியும் கேன்வாஸ்தான் வேண்டுமென்றால் ஜெல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படத்தைக் கட்டையின் பக்கவாட்டில் மடிக்கவும் விடாதீர்கள். ஓரத்தில் இரண்டு அங்குலம் அதிலேயே போய்விடும்.

இனி என் தொழில். உங்களிடம் பத்து ரூபாய் இருந்தால் நான்கு ரூபாயை அச்சுக்கும் ஆறு ரூபாயைப் பிரேமுக்கும் ஒதுக்குங்கள். அந்த ஆறிலும் வெளியே தெரியும் மரத்துக்கு இரண்டு, உள்ளே தெரியாமல் இருப்பதற்கு நான்கு. வாடிக்கையாளர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மவுண்ட் அட்டை, அதாவது படத்தைச் சுற்றித் தெரியும்படி நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை, ஆசிட் இல்லாததாக இருக்க வேண்டும். ஜன்னல் வெட்டிய சரிவில் தெரியும் நடுப்பகுதியைப் பாருங்கள், மலிவு அட்டையில் அதுதான் முதலில் பழுப்பாகும். நிறம் பளீர் வெள்ளை வேண்டவே வேண்டாம். பளீர் வெள்ளைக்குப் பக்கத்தில் செசானின் மேசைத் துணி துவைக்காத துணி மாதிரி ஆகிவிடும். துணியின் மிக வெளிறிய இடத்தைவிட ஒரு படி மங்கலான தந்த நிறம் எடுங்கள். அட்டையின் வழக்கமான முழுத்தாள் 32 × 40 அங்குலம், அதாவது 81 × 101 செ.மீ. உங்கள் படத்துக்கு நாலாபுறமும் 8 செ.மீ. விட்டால் 81 × 96, மயிரிழையில் அடங்கும். ஒன்பது கேட்டால் பெரிய தாள் வாங்க வேண்டியிருக்கும், விலை சட்டென்று ஏறும்.

அச்சை அட்டையில் எப்படிப் பொருத்துகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். இதில் நானே சூடுபட்டவன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்குப் பெரிய பருத்திக் காகித அச்சு ஒன்றை நாலு பக்கமும் இரட்டைப் பக்க டேப் போட்டு இறுக்கமாக ஒட்டிக் கொடுத்தேன். ஜூலையில் கண்ணாடி மாதிரி தட்டையாக இருந்தது. நவம்பர் மழை முடிந்ததும் அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். படம் முழுக்க அலை அலையாக, அப்பளம் பொரித்தமாதிரி எழும்பியிருந்தது. காகிதம் ஈரத்தில் விரியும், நாலு பக்கமும் கட்டிப் போட்டால் எங்கே போகும்? நடுவில் எழும்பும். மறுபடி அச்சடித்து என் செலவில் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு சின்னக் காகிதக் கீல், மாவுப் பசையில். அச்சு காலண்டர் மாதிரி தொங்கும், விரிந்து சுருங்க இடமிருக்கும். மாவுப் பசை என்றால் போஸ்டர் ஒட்ட மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார்களே, அது இல்லை. சுத்தமான கோதுமை ஸ்டார்ச், எதுவும் சேர்க்காமல்.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் பின்பலகை முக்கியம். ஹார்டுபோர்டும் எம்டிஎஃப்பும் ஈரம் குடிக்கும், கரையானுக்கும் பிடிக்கும். வைக்கோல் அட்டை இரண்டு வருடத்தில் படத்தின் முதுகைப் பழுப்பாக்கும். விளம்பரத் தட்டிக்குப் போடும் நெளி பிளாஸ்டிக் ஷீட்டைப் பின்னால் வைத்து, அதற்கும் படத்துக்கும் நடுவே ஆசிட் இல்லாத அட்டை ஒன்று கொடுத்தால் மலிவாகவும் முடியும், ஈரமும் ஏறாது. சுற்றிலும் பேப்பர் டேப்பால் மூடச் சொல்லுங்கள். வெள்ளிப்பூச்சிக்கு உள்ளே போக ஒரு சிட்டிகை இடைவெளி போதும்.

கண்ணாடி. 2022 அக்டோபரில் லண்டன் நேஷனல் கேலரியில் வான்கோவின் சூரியகாந்தி மேல் தக்காளி சூப்பை வீசினார்களே, ஓவியம் தப்பியது முன்னால் கண்ணாடி இருந்ததால்தான். நம் வீட்டில் சூப் அபாயம் இல்லை. தாளிப்புப் புகையும் சாம்பிராணியும் உண்டு. காகிதத்துக்குக் கண்ணாடி கட்டாயம். நான்-கிளேர் என்று சொறசொறப்பான கண்ணாடி காட்டுவார்கள், மவுண்ட் தடிமனால் படத்திலிருந்து அது விலகி நிற்கும்போது படமே பனி மூட்டத்தில் இருப்பதுபோல் ஆகிவிடும், வேண்டாம். எதிரே ஜன்னல் இல்லையென்றால் சாதாரண 2 மி.மீ. கண்ணாடியே போதும். எதிரே ஜன்னல் இருந்தால் ஆன்டி-ரிஃப்ளெக்ஷன் கண்ணாடிக்குச் செலவழியுங்கள், பட்ஜெட்டில் வேறு எதைக் குறைத்தாவது. எடையையும் கணக்கில் வையுங்கள். 2 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ, உங்கள் அளவுக்குக் கண்ணாடி மட்டுமே நாலு கிலோ வரும். அக்ரிலிக் அதில் பாதிக்கும் குறைவு, உடையாது, ஆனால் கீறும், தூசியையும் இழுக்கும். சின்னப் பிள்ளைகள் பந்து விளையாடும் ஹால் என்றால் அக்ரிலிக்.

மோல்டிங், அதாவது வெளியே தெரியும் சட்டம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபைபர் பிரேம் வேண்டாம், இந்த எடைக்கு மூலை பிளக்கும். ஒன்றரை அங்குல மரம், தேக்கு நிறமோ அடர்பழுப்போ. மூலையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், மாட்டினால் மறுபடி செய்யச் சொல்லுங்கள். தங்க முலாம் பூவேலை எல்லாம் செசானைக் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போய்விடும்.

வெளிநாட்டு அருங்காட்சியகக் கடையிலிருந்து வரவழைக்க நினைத்தால் அச்சை மட்டும் குழாயில் சுருட்டி அனுப்பச் சொல்லுங்கள், பிரேமை இங்கே போடலாம். கண்ணாடியோடு வரும் பிரேம் கண்ணாடித் தூளோடு வந்து சேர்ந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்து பிக்காசோவின் கிட்டார் படமும் வேண்டும் என்று தோன்றினால் ஒரு விஷயம். இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 வருடம் காப்புரிமை உண்டு. அவர் இறந்தது 1973, ஆக 2033 முடியும்வரை உரிமம் பெற்ற அச்சுதான் வாங்க வேண்டும், கோப்பை இறக்கிக் கடையில் அடிக்க முடியாது. புட்டிகளை மட்டுமே வரைந்த மாதிரி இருக்கும் இத்தாலிக்காரர் மொராண்டி 1964-இல் இறந்தார். அவர் படங்களுக்கு இங்கே 2024-உடன் முடிந்துவிட்டது, ஐரோப்பாவில் 2034 முடியும்வரை இருக்கிறது.

மாட்டும்போது ஒரே ஆணியில் கம்பி போட்டுத் தொங்கவிடாதீர்கள், இரண்டு பக்கமும் தனித்தனி ஸ்க்ரூ, ராவல் பிளக்கோடு. பிரேமின் கீழ் மூலை இரண்டிலும் பின்னால் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டுங்கள், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். வெளிச்சுவரும் பாத்ரூம் சுவரும் மழையில் ஓதம் காக்கும். வேறு சுவர் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். சோபாவின் முதுகிலிருந்து ஒரு சாண் மேலே பிரேம் தொடங்கினால் போதும். துடைக்கும்போது ஸ்பிரேயைக் கண்ணாடிமேல் அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள், இல்லாவிட்டால் நீர் கீழ் ஓரத்தில் வழிந்து உள்ளே போய் மவுண்டில் கறை வாங்கும். வீட்டில் வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லிவைத்துவிடுங்கள்.